எந்த ஸ்கூலில் சேர்க்கலாம், அம்மா?

போன வாரம் ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம், இரண்டு குழந்தைகள். கணவருக்கு நெய்வேலிக்கு மாற்றலாம். சாமான் கட்டுகிற அவசரத்தில் எழுதியிருக்கிறாள் என்பது கையெழுத்திலேயே தெரிகிறது. வெயில் எப்படி, தண்ணீர் எப்படி, பால் நேரத்துக்குக் கிடைக்குமா என்றெல்லாம் ஒரு வரி கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான். "எந்த ஸ்கூலில் சேர்க்கலாம், அம்மா? நீங்கள் அங்கேயே இத்தனை வருஷம் குடியிருந்தவராயிற்றே!"

நெய்வேலிக்கு வருகிற எல்லாப் பெண்களும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். நானும் கேட்டேன். அதற்கு எனக்குக் கிடைத்த பதிலையும், அதனால் நான் பட்டதையும் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் எழுதிப் போடச் சொன்னால் ஒரு கார்டு போதும். ஆனால் அது பதிலாகாது, பெண்ணே.

1979-ல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புது மணப்பெண்ணாக இங்கே வந்து இறங்கினேன். அவருக்கு அனல்மின் நிலையத்தில் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருவா அது! எங்கள் ஊர்த் தேர் ஓடுகிற வீதிகூட அவ்வளவு அகலம் கிடையாது. இரண்டு பக்கமும் மரம். வீட்டுக்கு முன்னால் தோட்டம், பின்னால் தோட்டம். குழாயைத் திறந்தால் தண்ணீர். 'எந்தத் தெரு?' என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். 'எத்தனாவது வட்டம்?' என்பார்கள். எல்லாம் நம்பர்தான். முதல் ஒரு மாதம், நான் ஏதோ பெரிய பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் இருக்கிற மாதிரியே உணர்ந்தேன்.

இந்த ஊருக்கே வயது ரொம்பக் கம்மி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14-ல், நேருவின் பிறந்த நாளன்று, கம்பெனி பதிவாயிற்று. 1957 மே 20-ல் நேருவே வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது முதலமைச்சர் காமராஜர். 1961-ல்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் வந்தது. அனல்மின் நிலையம் ரஷ்யர் உதவியில், மண் வெட்டுகிற ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து. நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுத் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். அதை ராப்பகலாகப் பம்ப் வைத்து இறைத்தால்தான் சுரங்கத்தில் கால் வைக்க முடியும். எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த அந்த முதல் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. அவருக்கு அப்புறம் எட்டு வருஷம் கழித்து!

ஆக, இந்த ஊரில் யாருக்கும் இது சொந்த ஊர் இல்லை. எதிர் வீட்டில் கும்பகோணத்து மாமி, பக்கத்து வீட்டில் பாலக்காட்டு சேச்சி, பின்பக்கம் நெல்லூர் வதினா. மூலை வீட்டு அண்ணாச்சி திருநெல்வேலி. சுரங்கத்தில் மண் வெட்டுகிற மிஷின் ஓட்டுபவர். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது மதில் தாண்டி வாசனையிலேயே தெரியும். லீகோ கரி அடுப்பு எரிந்த காலம் அது. நிலக்கரியைச் சுட்டுக் கட்டியாக்கி விற்பார்கள். பற்ற வைப்பதற்குள் கண் சிவந்துவிடும், பற்றிக்கொண்டால் மத்தியானம் வரைக்கும் கவலையில்லை. (அந்த ஆலை மூடி வருஷக்கணக்காகிறது. இருந்தாலும் கரி அடுப்போ கணப்போ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குளிருக்கு என்று அதை மூடிய அறைக்குள் கொண்டு போகவே கூடாது. அந்தப் புகையில் கண்ணுக்கும் தெரியாமல் மூக்குக்கும் தெரியாமல் ஆளைக் கொல்கிற வாயு இருக்கிறது.)

ஷிஃப்ட் வேலை வேறு. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா பகலில் தூங்க, குழந்தைகள் திருடர்களைப் போல அடிமேல் அடி வைத்து நடக்கும். எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கருநீலத்தில் தடித்த திரை தைத்துப் போட்டேன். வெளிச்சம் வராவிட்டால்தான் பகல் தூக்கம் தூக்கமாக இருக்கும். படுக்கப் போகிற சமயத்தில் காபி கொடுக்காதீர்கள். இட்லியோ கஞ்சியோ கொடுத்துப் படுக்க விடுங்கள். உன் வீட்டுக்காரருக்கும் ஷிஃப்ட் என்றால் இது உனக்கு உபயோகப்படும்.

வீடு கம்பெனி கொடுத்தது. தண்ணீர், விளக்கு, ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனி. வீட்டுக்காரரின் உத்தியோகத்தைப் பொறுத்து எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்பதைக்கூட அவர்களே தீர்மானித்து விடுவார்கள். நாமாகத் தேர்ந்தெடுக்க மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். குழந்தையின் பள்ளிக்கூடம். அதனால்தானோ என்னவோ, அந்த ஒரு விஷயத்தில் பெண்கள் நாங்கள் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல!

கம்பெனியே நடத்திய தமிழ்வழிப் பள்ளிகள் பல வட்டங்களில் இருந்தன. ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி என்று மேல்நிலைப் பள்ளிகளும் உண்டு. இந்தப் பக்கம் ஜவஹர் பள்ளி. செயின்ட் பால். அப்புறம் குளூனி கன்னியாஸ்திரீகளின் பள்ளி. பிரான்ஸில் தோன்றிய அந்தச் சபையின் சகோதரிகள் 1827-லேயே பாண்டிச்சேரிக்கு வந்துவிட்டவர்கள். காலை எட்டு மணிக்கு வாசலில் நின்றால் போதும். சைக்கிள்கள் ஆறு மாதிரி ஓடும். ஒரே தெருவில், நேற்று சாயங்காலம் ஒன்றாகப் பம்பரம் விட்ட பிள்ளைகள், காலையில் யூனிஃபார்ம் போட்டவுடன் வேறு வேறு பக்கம் திரும்பிப் போவார்கள். கோவிலில் ஒரே வரிசை, ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடத்தில்தான் பிரிவினை. அதைச் செய்தது கம்பெனி இல்லை, அம்மாக்கள் நாங்கள்.

"ஏண்டிம்மா, கம்பெனி ஸ்கூல்லயா போடப் போறே? ஒர்க்கர் பசங்களோட ஒக்காந்துண்டு என்னத்தப் படிப்பான்? நாளைக்கு இன்டர்வியூல இங்கிலீஷ் வேண்டாமா?" என்றாள் எதிர் வீட்டு மாமி. நல்லவள்தான். என் இரண்டு பிரசவத்துக்கும் பத்தியச் சாப்பாடு அவள் கைச் சமையல். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் வீட்டுக்காரரே டெக்னீஷியன்தானே, 'ஒர்க்கர்' என்றால் நாங்களும்தானே என்று அன்றைக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

ராத்திரி அவரிடம் சண்டை. "நான் தமிழ்ல படிச்சவன்தான். டர்பைன் ஓட்டலையா?" என்றார். "நீங்க ஓட்டறதே போதும். பிள்ளை ஓட்ட வேண்டாம்" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. 1986-ல் பெரியவன் இங்கிலீஷ் மீடியத்தில் எல்.கே.ஜி. சேர்ந்தான். நன்றாகப் படித்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாம் மொழிக்குத் தமிழ் வேண்டாம், ஹிந்தி எடுத்தால் மார்க் கொட்டும் என்று நாலு பேர் சொன்னார்கள். தமிழ்தான் வீட்டில் பேசுகிறோமே, எங்கே போய்விடும் என்று ஹிந்திக்குக் கையெழுத்துப் போட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், அப்புறம் சொல்கிறேன்.

சின்னவன் கதை வேறு. 1985-ல் பிறந்தவன். மூன்று வயதில் பேச்சுத் திக்க ஆரம்பித்தது. முதல் எழுத்திலேயே நின்றுவிடும். கண் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும். நான் என்ன செய்வேன்? அவன் சொல்ல வந்ததை நானே சொல்லி முடிப்பேன். "நிதானமாப் பேசுடா, மூச்சு விட்டுப் பேசுடா" என்பேன். இரண்டுமே தப்பு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு பிரபலமான பள்ளிக்கு இன்டர்வியூவுக்கு அழைத்துப் போனோம். நாலு வயதுப் பிள்ளைக்கு இன்டர்வியூ! மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் இங்கிலீஷில் பேர் கேட்டாள். அவனுக்குத் தன் பேரே வரவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாம்" என்று ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எந்தப் பள்ளி என்று எழுத மாட்டேன். இன்றைக்கு அங்கே இருப்பவர்கள் வேறு மனிதர்கள்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் ஒன்றுமே பேசாமல் மறுநாள் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காமல்கூட அவனைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து, எங்கள் வட்டத்துக் கம்பெனிப் பள்ளிக்குப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். "என்ன கேட்டாங்க?" என்றேன். "பிறந்த தேதி கேட்டாங்க" என்றார். அவ்வளவுதான்.

அங்கே ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒருவர். ஒட்டுப் போட்ட குடை, கையில் துணிப்பை. முதல் வாரத்திலேயே என்னைக் கூப்பிட்டனுப்பினார். பயந்துகொண்டு போனேன். "உங்க பையன் தனியாப் படிச்சாத் திக்குது. எல்லாரோடயும் சேர்ந்து சத்தமாப் படிச்சாத் திக்கலை, கவனிச்சீங்களா?" என்றார். நான் கவனித்ததே இல்லை! அதற்கப்புறம் அவனைத் தனியாக எழுப்பி வாசிக்கச் சொல்லவே இல்லையாம். பக்கத்தில் ஒரு பெண்ணை நிறுத்தி, இரண்டு பேரும் சேர்ந்தே வாசிப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் பாதியில் குரலை இறக்கிக்கொள்வாளாம். இவன் மட்டும் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருப்பானாம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அந்த டீச்சருக்கு? தெரியாது. இன்று பேச்சுப் பயிற்சி தருபவர்களும் சேர்ந்து வாசிப்பது திக்கலைக் குறைக்கும் என்கிறார்கள்.

இந்த இடத்தில் தாய்மார்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் திக்கல் வருவது சகஜம். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானே போய்விடும். நாக்குக் கட்டியிருக்கிறது, வசம்பு தேய், கூழாங்கல் வை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அவன் பேசி முடிக்கிறவரை முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அவனை மெதுவாகப் பேசச் சொல்லாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், பேசவே பயப்பட ஆரம்பித்தாலும், பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டுங்கள். சின்னவனுக்கு முழுசாகப் போகவில்லை. கோபம் வந்தால் இன்னும் திக்கும். அவன் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, நானும் விட்டுவிட்டேன்.

அவனோடு சேர்ந்து வாசித்த பெண் யார் தெரியுமா? எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்தவளின் மகள்.

அந்த அம்மாள் மந்தாரக்குப்பம் பக்கத்திலிருந்து நடந்து வருவாள். ஒரு நாள் பின்கட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க தாத்தாவுக்கு இந்தப் பக்கம்தாம்மா நெலம். முந்திரித் தோப்பு, கொஞ்சம் கேவுரு வெதப்பாங்களாம். கம்பெனிக்குன்னு எடுத்துக்கினாங்க. நாங்க அந்தாண்ட போயிட்டம். இப்ப நான் இங்க வேலைக்கு வர்றன்." கோபமாகச் சொல்லவில்லை. ஊர்க்கதை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்குக் கையிலிருந்த மல்லாட்டை அப்படியே நின்றுவிட்டது. சொந்த ஊர்க்காரர் யாருமே இல்லாத ஊர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே! சொந்த ஊர்க்காரி தினம் காலையில் என் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தாள்.

இந்தக் கதை முடிந்தபாடில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வருகிற நெல் வயலில் இயந்திரத்தை இறக்கிக் கால்வாய் வெட்டினார்களே, பச்சைப் பயிர் மண்ணோடு புரள்வதை டி.வி.யில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று வேளை உலை கொதித்தது அந்த நிலக்கரிச் சம்பளத்தில்தான். அப்படியிருந்தும் இறங்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பில் இருந்தாள், 1998-ல். அவள் அம்மாவுக்கு இடுப்பு வலி. குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்தால் வராமல் என்ன செய்யும்? "பெரிய புள்ளயாயிட்டா. இனிமே படிச்சு என்னாம்மா ஆவப் போவுது? அவளையே வேலைக்கு அனுப்புறன்" என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லை. எனக்கு ஆள் வேண்டும். மாமியார் படுத்த படுக்கை. வீட்டில் ஐந்து பேர். "சரி, வரட்டும்" என்றேன். அவள் யார், என் பிள்ளைக்கு என்ன செய்தவள் என்பதெல்லாம் தெரிந்தே சொன்னேன். இதை எழுதவே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பத்து நாள் வந்தாள். சுத்தமான வேலை. பதினோராம் நாள் ஏதோ விடுமுறை. சின்னவன் வீட்டில் இருந்தான். அவன் டிபன் டப்பாவை அவள் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பின்வாசலில் நின்று பார்த்தான். என்னிடம் வந்தான். அவனுக்கு வார்த்தை வரவில்லை. நான் காத்திருந்தேன்.

"அ... அம்மா. இவ எங்க கிளாஸ் ஃபர்ஸ்ட்."

அவ்வளவுதான் சொன்னான். மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அதே பழைய டீச்சர், அதே குடை, எங்கள் வாசலில் நிற்கிறார்! பிள்ளை போய்ச் சொல்லியிருக்கிறான். உள்ளே வாருங்கள் என்றதற்கு வரவில்லை. "உங்க வீட்டுக்கு ஆள் வேணும்னா நான் பார்த்துத் தரேம்மா. இவளை எனக்குக் கொடுத்துடுங்க" என்றார். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் செங்கல் வாங்கி வந்து, பின்கட்டுக் குழாயடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டினார். நின்றுகொண்டு தேய்க்கலாம். அந்த அம்மாள் பதினைந்து நாள் ஓய்வெடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அதுவரை பாத்திரம் யார் தேய்த்தது என்கிறீர்களா? பெரியவன் ஒரு வேளை, அவர் ஒரு வேளை. எனக்கும் இடுப்பு வலி வந்தது, போங்கள்! இன்றும் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கும் வீடுகளில் ஒரு மேடை கட்டச் சொல்லுங்கள். இருநூறு செங்கல்லில் தீர்கிற விஷயம்.

அந்தப் பெண் பிளஸ் டூ முடித்து நர்சிங் படித்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறியபோது, எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறது என்று ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் விசாரித்துச் சொன்னவள் அவள்தான். "சார் குப்புறப் படுக்கட்டும்மா, நான் லைன்லயே இருக்கேன்" என்றாள். நான் செய்த அந்தப் பத்து நாளை அவள் மறந்திருக்க மாட்டாள். கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

2012-ல் அவர் ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். இது இன்னொரு நெய்வேலி வழக்கம், நீயும் தெரிந்துகொள். முப்பது வருஷம் தண்ணீர் ஊற்றிய மாமரம் கம்பெனிக்கு. சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். மாமி பெண்ணோடு சென்னைக்குப் போனாள். சேச்சி பாலக்காடு. எங்களைப் போல ஊர் திரும்ப மனசில்லாதவர்கள் வடக்குத்து, இந்திரா நகர் என்று வேலிக்கு வெளியே இடம் வாங்கி உட்கார்ந்துவிட்டோம். ஜூலையில் புத்தகக் கண்காட்சி வந்தால் எல்லோரும் மறுபடி உள்ளே போவோம். 1998-லிருந்து கம்பெனி நடத்துகிற திருவிழா அது. சின்னவன் பள்ளியிலிருந்து வரிசையாக அழைத்துப் போவார்கள். கையில் பத்து ரூபாய் கொடுத்தனுப்புவேன், ஒரு புத்தகத்தோடு வருவான்.

பெரியவன் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் இருக்கிறான். அங்கேயும் பக்கத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்! நம் ஊரில் பார்த்த அதே மாதிரிச் சக்கர இயந்திரம் என்று போட்டோ அனுப்பினான். 2018-ல் இம்மராத் என்ற ஊரின் பெரிய சர்ச்சையே இடித்துவிட்டார்களாம். 2023 ஜனவரியில் லுட்சராத் என்ற குக்கிராமத்திலிருந்து ஆட்களைப் போலீஸ் தூக்கி அப்புறப்படுத்தியதாம். "அம்மா, நம்ம வீட்டுக்கு வேலைக்கு வந்த அம்மா ஞாபகம் வந்தது" என்றான் போனில். ஏன் போனில் என்று கேளுங்கள். அவனுக்கு எழுதத் தெரியாது, தமிழில். படிக்கவும் வராது. கடைப் பலகையை எழுத்துக் கூட்டுவான், அதோடு சரி. அவன் பாட்டி சாகிறதற்கு முன்னால் அவனுக்கு எழுதிய இரண்டு கடிதங்களை நான்தான் படித்துக் காட்டினேன். பாட்டி எழுதியதில் எனக்குப் படிக்கக் கூச்சமாக இருந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். என்னைப் பற்றி நல்லதாக எழுதியிருந்தார். அந்த ஒரு வரி அவனுக்கு இன்னும் தெரியாது.

சின்னவன் பண்ருட்டியில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். மாமியைக் கேட்டால் பெரியவன்தான் ஜெயித்தவன் என்பாள். இருக்கட்டும். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃபைலில் வைக்கிறவன் சின்னவன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். காலம் மாறிவிட்டது. 2006-ல் வந்த சட்டப்படி ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்துப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. என் மாதிரி ஹிந்திக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு முழிக்கிற அம்மாக்கள் குறைந்திருப்பார்கள். மெட்ரிக், ஸ்டேட் போர்டு என்று தனித்தனியாக இருந்த பாடத்தை 2010, 2011-ல் சமச்சீர் என்று ஒன்றாக்கிவிட்டார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் சேரும் இடத்தில் கால்வாசியை ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும், சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக. சேர்க்கைக்குக் குழந்தையை இன்டர்வியூ செய்யக்கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. யாராவது உன் குழந்தையைப் பரீட்சை பார்த்தால், சட்டம் தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து வா.

எந்தப் பள்ளி என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. எல்லாவற்றிலும் நல்ல டீச்சரும் இருக்கிறார்கள், கடிகாரம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் காலை நீயே போய் வாசலில் நில். பெண் குழந்தைகளின் கழிப்பறையைக் காட்டச் சொல்லிக் கேள். மூக்கைப் பொத்தாமல் உள்ளே போக முடிகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார். இது இல்லாத பள்ளியில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பு வந்து அவதிப்படுவார்கள். கடைசி பெஞ்சுக் குழந்தையின் பேர் டீச்சருக்குத் தெரிகிறதா என்று கவனி. குழந்தை தானே சைக்கிளில் போகிற தூரமா என்பதையும் பார்த்துக்கொள். நெய்வேலி ரோட்டில் சைக்கிள் விட்டு வளர்கிற பாக்கியம் எல்லா ஊரிலும் கிடைக்காது. அப்புறம், உன் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவளின் குழந்தை எங்கே படிக்கிறது என்பதையும் முதல் நாளே கேட்டுவிடு.

வந்து சாமான் இறக்கியதும் எனக்கு ஒரு கார்டு போடு. வட்டம் நம்பரை மறக்காமல் எழுது. பலாப்பழக் காலமாக இருந்தால் பண்ருட்டியிலிருந்து சின்னவன் ஒன்று கொண்டு வந்து கொடுப்பான். அவனுடைய பழைய சைக்கிள் ஒன்று எங்கள் வீட்டுப் பின்பக்கம் சும்மா நிற்கிறது. செயின் மட்டும் மாற்ற வேண்டும்.